சட்னி மேல் போட்ட பழி

கண்டோன்மென்ட் பக்கம் இருந்த ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நான் லேப் டெக்னீஷியனாகச் சேர்ந்தது அறுபதுகளின் தொடக்கத்தில். இருபத்திரண்டு வயது. ஜீவனஹள்ளியில் ஒரு லைன் வீட்டில் நானும் அம்மாவும் மட்டும் இருந்தோம். பெண் என்ன வேலை பார்க்கிறாள் என்று கேட்கிறவர்களிடம் அம்மா "ரத்தப் பரிசோதனை" என்று சொல்லிவிடுவாள். ரத்தமும் பார்த்தேன்தான். ஆனால் என் மேசைக்கு வந்ததில் முக்கால்வாசி மலம். காலி பென்சிலின் புட்டியில் வரும், தீப்பெட்டியில் வரும், ஒரு தடவை வாழைச்சருகில் மடித்து வந்தது. மூக்கு ஒரு மாதத்தில் பழகிவிட்டது.

வெளியே எல்லோரும் "வயித்தால போவுது" என்று ஒரே பேச்சாகச் சொல்லிவிடுவதை நாங்கள் உள்ளே பிரித்துப் பார்க்க வேண்டும். முதலில் ஒரு துளியைக் கண்ணாடிச் சில்லில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பேன். அமீபா என்றால் அங்கேயே தெரிந்துவிடும். சூடு ஆறாத மலத்தில் அது மெல்ல நகரும். இல்லையென்றால் கிருமி வளர்க்கிற அகர் தட்டில் தீற்றி இன்குபேட்டரில் வைப்பேன். மறுநாள் காலை தட்டில் இளஞ்சிவப்புப் புள்ளிகளும் நிறமில்லாத புள்ளிகளும் முளைத்திருக்கும். இளஞ்சிவப்பு எல்லோர் குடலிலும் குடியிருப்பது. நிறமில்லாததைத்தான் சந்தேகப்பட வேண்டும். ரத்தமும் சளியுமாகப் போகிற குழந்தைகளிடம் அது பெரும்பாலும் ஷிகெல்லாவாக இருந்தது. சீதபேதிக் கிருமி.

அதற்குப் பிறகு இன்னொரு வேலை. பில்டர் தாளை ஓட்டை போடும் மிஷினால் பொட்டுப் பொட்டாக வெட்டி, ஒவ்வொன்றையும் ஒவ்வொரு மருந்தில் நனைத்துக் காயவைத்து, கிருமி பூசிய தட்டின் மேல் வைப்போம். மருந்து வேலை செய்தால் பொட்டைச் சுற்றிக் கிருமி முளைக்காது. அங்கே சுத்தமான ஒரு வட்டம் தெரியும். வேலை செய்யாவிட்டால் பொட்டின் விளிம்பு வரைக்கும் கிருமி வந்து ஒட்டிக்கொள்ளும். சல்பா மாத்திரைக்கு வட்டம் விழாமல் போய் ரொம்ப நாளாகியிருந்தது. நான் சேரும்போதே பாதித் தட்டுகளில் அப்படித்தான். ஆனால் ஸ்ட்ரெப்டோமைசின், டெட்ராசைக்ளின், குளோராம்பெனிகால் என்று மற்ற மூன்று இருந்தன. ஏதாவது ஒன்றுக்கு வட்டம் விழும். டாக்டர்கள் அதை எழுதுவார்கள்.

மூன்றாம் வருஷம் மழைக்காலத்தில் ஒக்கலிபுரத்திலிருந்து இரண்டு வயதுக் குழந்தை ஒன்றைக் கொண்டுவந்து வார்டில் சேர்த்தார்கள். வரும்போதே கண் உள்ளே போயிருந்தது. பேட்டையில் யாரோ சல்பா கொடுத்திருக்கிறார்கள், பிறகு வேறொருவர் ஒரு காப்ஸ்யூலைப் பிரித்துப் பாதி கொடுத்திருக்கிறார். வார்டில் குளோராம்பெனிகால் ஆரம்பித்தார்கள். என் தட்டில் நான்கு பொட்டுகள் வைத்தேன். மறுநாள் நான்கிலும் வட்டம் இல்லை.

எங்கள் லேபுக்குத் தலைமையாக இருந்த டாக்டரம்மா கன்னடக்காரர். என்னோடு தமிழில்தான் பேசுவார், நடுநடுவே கன்னடம் வந்து விழும். தட்டை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, "மருந்து டிஸ்க் பழசாயிருக்கும். ஹொசதா பண்ணு" என்றார்.

புதிதாகப் பண்ணினேன். கூடவே மருந்துக்கு மடியும் என்று எங்களுக்கு நன்றாகத் தெரிந்த வேறொரு கிருமியையும் இன்னொரு தட்டில் பூசி, அதே பொட்டுகளை வைத்தேன். அந்தத் தட்டில் ரூபாய் நாணயம் அளவுக்கு வட்டங்கள் விழுந்தன. குழந்தையின் தட்டில் ஒன்றும் இல்லை. மருந்தில் குறை இல்லை, பொட்டில் குறை இல்லை. கிருமிதான் அப்படி. அந்தத் தட்டை டாக்டரம்மாவிடம் கொண்டுபோன காலையில் குழந்தை இறந்து போயிருந்தது. "இப்படி நான் புஸ்தகத்துலகூடப் பாக்கலை" என்று மட்டும் சொன்னார். கிருமியைத் தூக்கிப் போடாமல் ஒரு சோதனைக் குழாயில் வளர்த்து வைக்கச் சொன்னார். வைத்தேன்.

அடுத்த வாரம் எனக்கு இரண்டு நாள் வயிறு சரியில்லை. வலியும் நாலைந்து தடவை போக்கும். லேபில் வேலை பார்க்கிற எவளுக்கும் இது வருஷத்தில் ஒரு தடவை வரும், பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தெருமுனை மருந்துக்கடைக் காம்பவுண்டரிடம் நான்கு டெட்ராசைக்ளின் காப்ஸ்யூல் வாங்கி, ஒரு நாளைக்கு இரண்டாக விழுங்கினேன். மூன்றாம் நாள் சரியாகிவிட்டது. மருந்து கேட்டது என்று நினைத்தேன். ஊரில் எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். ஒரு கிருமி மருந்துப் பொட்டின் மேல் ஏறி வளர்வதைப் பார்த்துவிட்டு வந்திருந்த நானும் அதையேதான் நினைத்தேன்.

எங்கள் லைனில் பன்னிரண்டு வீடுகள், ஒரு குழாய், பின்னால் இரண்டு கக்கூஸ். முதல் வீட்டு வாசலில் ஒரு அக்கா காலையில் இட்லி விற்பார். ஆர்க்காட்டுப் பக்கத்துக்காரர். புருஷன் கார்ப்பரேஷனில் வேலை பார்த்து, ஏணியிலிருந்து விழுந்து முதுகு போய்ப் படுக்கையில் இருந்தார். ஒரு மகள் ஸ்கூலில். அந்த இட்லியில்தான் மூன்று பேரும் சாப்பிட்டார்கள். பாக்டரிக்குப் போகிறவர்கள் ஆறு மணிக்கே வந்து நின்றுகொண்டு சாப்பிடுவார்கள். லைன் குழந்தைகளும் தட்டோடு வரிசையில் நிற்கும்.

ஒரு செவ்வாய்க்கிழமை லைனில் இரண்டு குழந்தைகளுக்கு வயிற்றால் போனது. புதன்கிழமை இன்னும் இரண்டு. பக்கத்து வீட்டு நான்கு வயதுப் பெண்ணுக்குத்தான் ரொம்ப மோசம். அவள் அம்மா மதியம் வந்து பாவாடையைக் காட்டினாள். ரத்தம்.

"தண்ணியா இருக்குமா?" என்று கேட்டாள்.

தண்ணீராக இருந்தால் பன்னிரண்டு வீட்டிலும் பெரியவர்களுக்கும் வந்திருக்க வேண்டும் என்று நான் யோசித்தேன். நான்கு குழந்தைகளுக்கு மட்டும் பொதுவானது என்ன? காலையில் நான்கும் தட்டோடு நின்றது கண்ணில் வந்தது. "இட்லி ஆவியில வேகுது, அதுல ஒண்ணும் இருக்காது" என்றேன். "சட்னிதான். கையால அரைச்சு, கையால வழிச்சு, வேகாம அப்படியே போடறாங்க." சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. லேபில் படித்தது வீட்டுக்குப் பயன்படுகிறது என்று.

குழாயடிக்கு அந்தப் பேச்சு போக அரைமணி நேரம்கூட ஆகவில்லை. ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிற பெண் சொன்னாள் என்றால் அதற்கு மேல் யார் பேசுவார்கள். மறுநாள் காலை இட்லிக்கார அக்கா வாசலில் குழந்தைகள் யாரும் இல்லை. அதற்கடுத்த நாள் பாக்டரிக்காரர்களும் பாதிப் பேர் அடுத்த தெருவுக்குப் போய்விட்டார்கள். குண்டான் மாவு புளித்து வழிந்ததை அவர் சாக்கடையில் ஊற்றுவதை நான் வேலைக்குக் கிளம்பும்போது பார்த்தேன்.

அவர் என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, நீயா சொன்ன?"

"ஆமாக்கா. குழந்தைங்களுக்கு வந்திருக்கு இல்ல."

"பாக்டரிக்குப் போறவங்க பதினஞ்சு பேரு டெய்லி என் சட்னியத்தான் துன்றாங்க. ஒருத்தனுக்காவது வவுத்தால போச்சா? என் பொண்ணு துன்னுது, என் வூட்டுக்காரரு துன்றாரு. அவங்களுக்கு இன்னா ஆச்சு?"

நல்ல கேள்வி. "பெரியவங்களுக்குத் தாங்கும்" என்று ஏதோ சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று நடந்துவிட்டேன். அவருடைய மகள் பெரியவள் இல்லை என்பது பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது.

பக்கத்து வீட்டுப் பெண்ணை எங்கள் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். நான்கு குழந்தைகளின் மலத்தையும் நானே வாங்கி வந்து தட்டு போட்டேன். நான்கிலும் ஷிகெல்லா. பொட்டு வைத்துப் பார்த்தேன். நான்கு தட்டிலும் நான்கு மருந்துக்கும் வட்டம் இல்லை.

தட்டுகளை மேசையில் வரிசையாக வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். பக்கத்து வீட்டுப் பெண் காலையில் என்னைப் பார்த்து அத்தை என்றுகூடக் கூப்பிடவில்லை, கண்ணை மட்டும் திறந்து மூடினாள். ஒக்கலிபுரத்துக் குழந்தை வந்ததும் அப்படித்தான்.

டாக்டரம்மா வார்டுக்குப் போய், கொடுத்துக்கொண்டிருந்த குளோராம்பெனிகாலை நிறுத்தச் சொன்னார். கையில் ஸலைன் ஏற்றினார்கள். அது போக, உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீரைக் கால் மணிக்கு ஒரு தடவை ஸ்பூனால் ஊட்ட வேண்டும். பெண்ணின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"மருந்தே குடுக்காம வெச்சிருக்காங்களே. நீயாவது சொல்லக் கூடாதா?"

டாக்டரம்மாவே அவளிடம் வந்து உட்கார்ந்தார். "இந்த மருந்தெல்லாம் அந்தக் கிருமியை ஒண்ணும் பண்ணாதம்மா. குழந்தைக்கு ஆபத்து கிருமியால மட்டும் இல்லை, உடம்புல தண்ணி போயிடறதால. போன தண்ணியை நாம திருப்பிப் போட்டுட்டே இருந்தா உடம்பு தானே கிருமியை ஜெயிக்கும். ஸ்பூனை விடாதே." அவள் நம்பினாளோ இல்லையோ, ஸ்பூனை விடவில்லை. மூன்றாம் நாள் பெண் பிஸ்கட் கேட்டாள். மற்ற மூன்று குழந்தைகளும் வீட்டிலேயே கஞ்சித் தண்ணீரில் தேறிவிட்டார்கள்.

ஆனால் என் கேள்வி அப்படியே இருந்தது. ஒக்கலிபுரம் ரயில்வே ஸ்டேஷன் பக்கம். ஜீவனஹள்ளி ஊரின் இந்தக் கோடி. யாரும் பார்த்திராத ஒரு கிருமி அங்கேயிருந்து இங்கே எப்படி வந்தது? இட்லிக்கார அக்காவின் தங்கையை ஒக்கலிபுரத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள் என்று அம்மா சொன்னதும், முடிச்சு அவிழ்ந்துவிட்டது என்றே நினைத்தேன். அன்று சாயங்காலமே ஒரு டப்பாவோடு அவர் வீட்டுக்குப் போனேன்.

அவர் டப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இதுக்கும் மேல இன்னா மானம் போவப்போவுது" என்று வாங்கிக்கொண்டார். அவர், புருஷன், மகள் மூன்று பேரிடமும் மூன்று நாள் வாங்கினேன். ஒன்பது தட்டுகள். ஒன்பதிலும் இளஞ்சிவப்புப் புள்ளிகள் மட்டும். சந்தேகப்பட ஒரு புள்ளி இல்லை.

ஒன்பதையும் டாக்டரம்மாவிடம் காட்டினேன். அவர் சேரில் சாய்ந்து உட்கார்ந்து கேட்க ஆரம்பித்தார்.

"ஒக்கலிபுரத்துக் குழந்தையோட மலத்தைத் தொட்டவங்க யாரு யாரு?"

"அதோட அம்மா. வார்டு நர்ஸ் ரெண்டு பேர். ஆயா."

"அப்புறம்?"

"அப்புறம் நான், மேடம்."

"அதுல ஜீவனஹள்ளியில இருக்கறது யாரு?"

நான் ஒன்பது தட்டுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க ஆரம்பித்தேன். அவரும் அவசரப்படுத்தவில்லை. அடுக்கி முடித்ததும், "நடுவுல உனக்கு வயிறு கெட்டுச்சா?" என்று கேட்டார். சொன்னேன். நான்கு காப்ஸ்யூலையும் சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "அந்தக் காப்ஸ்யூல் உன் குடல்ல இருந்த மத்த எல்லாத்தையும் கொன்னு, இதுக்கு மட்டும் இடம் காலி பண்ணிக் கொடுத்திருக்கும். நோடு, எனக்கு நிச்சயமாத் தெரியாது. தட்டு போட்டுப் பாத்துடு."

அடுத்தவர்களிடம் டப்பா நீட்டி நீட்டிப் பழகிய எனக்கு, என்னுடையதை அந்த மேசையில் வைக்கக் கை வரவில்லை. சீட்டில் என் பெயர் எழுதாமல் ஒரு புள்ளி மட்டும் வைத்தேன். மறுநாள் இன்குபேட்டரைத் திறந்தபோது தட்டு முழுக்க நிறமில்லாத புள்ளிகள். அதற்கடுத்த நாள் நான்கு பொட்டு, ஒரு வட்டமும் இல்லை. சோதனைக் குழாயில் வளர்த்து வைத்திருந்த ஒக்கலிபுரத்துக் கிருமியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டுக்கும் எந்த வித்தியாசமும் தெரியவில்லை.

எப்படி என் வயிற்றுக்குள் போனது என்று பார்க்க டாக்டரம்மா என்னைச் சிங்க் முன்னால் நிறுத்தி, வழக்கமாகக் கை கழுவுகிற மாதிரி கழுவச் சொன்னார். அழுக்குக் கையால் குழாயைத் திருகித் திறந்தேன். சோப்புப் போட்டு நன்றாகக் கழுவினேன். கழுவிய கையால் அதே திருகைப் பிடித்து மூடினேன். "ஆயித்து, கழுவினது வீண்" என்றார். அந்தக் கையோடுதான் தினமும் மூலையில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்தேன்.

குழந்தைகளுக்கு எப்படிப் போனது என்பதை நானே கண்டுபிடித்தேன். வீட்டில் சமைப்பது அம்மா, நான் எதையும் தொடுவதில்லை. ஆனால் அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் கொய்யா வாங்கி வந்து, துண்டு போட்டு, உப்பும் மிளகாய்ப்பொடியும் கையாலேயே பிசிறி, வாசலில் விளையாடிக்கொண்டிருந்த குழந்தைகளுக்குக் கொடுத்தேன். நான்கு குழந்தைகள். அம்மாவுக்குப் பல் வலி, அவள் தொடவில்லை. இட்லிக்கார அக்காவின் மகள் அன்றைக்குச் சித்தி வீட்டுக்குப் போயிருந்தாள்.

டாக்டரம்மா எனக்கு லீவு போட்டுக் கொடுத்தார். தட்டு மூன்று தடவை சுத்தமாக வந்த பிறகுதான் வேலைக்கு வரலாம். மருந்து எதுவும் வேண்டாம் என்றார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். "யாருக்கும் தெரியாது இல்ல?" என்றாள்.

"டாக்டரம்மாவுக்குத் தெரியும்."

"லைன்ல?"

"தெரியாது."

"அப்ப விட்டுடேன். குழந்தைங்கதான் பொழைச்சிருச்சு இல்ல."

விட்டுவிடலாம் என்று எனக்கும் ஆசைதான். இரண்டு நாள் விட்டும் வைத்தேன். மூன்றாம் நாள் காலை குழாயில் தண்ணீர் வரும் நேரத்தில், எல்லோரும் குடத்தோடு நிற்கும்போது, வாசலுக்கு வந்து சொல்லிவிட்டேன். இட்லிக்கார அக்காவுக்கு ஒன்றும் இல்லை, அவர் வீட்டில் யாருக்கும் இல்லை, கிருமி என்னிடம்தான், நான் கொடுத்த கொய்யாவில் போயிருக்கிறது. இவ்வளவையும் ஒரே மூச்சில் சொன்னேன். குழாய்த் தண்ணீர் ஒரு குடத்தில் நிரம்பி வழிந்துகொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை.

பக்கத்து வீட்டுக்காரி முதலில் பேசினாள். "என் கொழந்தைய நீயே கெடுத்துட்டு, நீயே ஆஸ்பத்திரிக்கும் கூட்டினு போனியா?" என்றாள். பிறகு குடத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். ஆறு மாதம் என்னோடு பேசவில்லை. அவள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

இட்லிக்கார அக்கா கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "வாயால சொன்னா போதுமா? நீ வாயால சொன்னதத்தானே இவங்க அப்பிடியே புடிச்சிக்கினாங்க. இப்ப சொல்றத எவன் நம்புவான்?" என்றார். "நாளைக்குக் காலையில என் வாசல்ல வந்து ஒக்காரு. எல்லாரும் பாக்க, என் சட்னியத் தொட்டுத் துன்னு. டெய்லி."

"என்கிட்ட கிருமி இருக்குக்கா. உங்க தட்டைத் தொடக்கூடாது."

"எலையில போடறேன். துன்னுட்டு நீயே எடுத்துப் போயி எரி."

பதினெட்டு நாள் போனேன். காலை ஆறு மணிக்கு அவர் வாசலில் ஒரு ஓரமாக, பாக்டரிக்காரர்கள் பார்க்க, இலையில் நான்கு இட்லியும் சட்னியும். ரொம்ப வெட்கமாக இருந்தது. காசு கொடுத்தால் வாங்கிக்கொள்வார், பேசமாட்டார். முதல் வாரத்தில் போனவர்களில் சிலர் திரும்பி வந்தார்கள். என்னைப் பார்த்து "என்னம்மா லேடி டாக்டர், டெஸ்டிங்கா?" என்று கேலி பண்ணினார்கள். இரண்டாம் வாரம் குண்டான் காலியாக ஆரம்பித்தது. குழந்தைகள் கடைசியாக வந்தன. ஒரு வீட்டுக்காரர்கள் மட்டும் வரவே இல்லை. அவர்கள் பிறகு அடுகோடிப் பக்கம் வீடு மாறிப் போகும்வரை அந்தச் சட்னியைத் தொடவில்லை.

என் தட்டு நான்காம் வாரம் மூன்றாவது தடவையாகச் சுத்தமாக வந்தது. வேலைக்குத் திரும்பினேன். லேப் சிங்கில் குழாயைத் திருகுவதற்கு முழங்கையால் தள்ளுகிற மாதிரி ஒரு நீளக் கம்பியை டாக்டரம்மா மாட்டியிருந்தார். உள்ளே உட்கார்ந்து சாப்பிடுவதும் நின்றது. காம்பவுண்டர்கள் சீட்டு இல்லாமல் இரண்டும் நான்குமாகக் காப்ஸ்யூல் விற்பதைப் பற்றி டாக்டரம்மா மேலே ஒரு கடிதம் எழுதினார். பதில் வந்ததாக எனக்கு நினைவில்லை. எங்கள் தெருமுனைக் கடையில் நானே போய்ச் சொன்னேன். "நான் குடுக்கலைன்னா அடுத்த கடையில குடுப்பான்" என்றார் காம்பவுண்டர். நான்கு மருந்துக்கும் வட்டம் விழாத தட்டு அந்த வருஷம் இன்னும் மூன்று வந்தது. அதற்கடுத்த வருஷம் எண்ணுவதை விட்டுவிட்டேன்.

இட்லிக்கார அக்கா என்னோடு மறுபடி பேச ஆரம்பித்தது ஒரு வருஷத்துக்கு மேல் கழித்து, அதுவும் அவர் மகளுக்கு உடம்பு முடியாமல் போனதால். பத்து நாளாக அந்தப் பெண்ணுக்குச் சளியும் ரத்தமுமாகப் போய்க்கொண்டிருந்தது, காய்ச்சல் இல்லை. ஒரு நாள் காலை வேலைக்குக் கிளம்பும்போது மூடி போட்ட டப்பாவை என்னிடம் நீட்டினார்.

"கடையில மாத்திர வாங்கல. உன்னாண்டதான் கேக்கறேன். நல்லா பாத்து சொல்லு, பாக்காம சொல்லாத."

டப்பா இன்னும் சூடாக இருந்தது. அன்றைக்கு பஸ்ஸுக்கு நிற்காமல் ஆட்டோ பிடித்துப் போனேன். கோட்டுகூடப் போடாமல் ஒரு துளியைச் சில்லில் வைத்துப் பார்த்தேன். அமீபா, உயிரோடு நகர்ந்துகொண்டிருந்தது. இது வேறு வியாதி, இதற்கு வேறு மருந்து, அப்போது அந்த மருந்து நன்றாகவே கேட்டது. டாக்டரம்மா சீட்டு எழுதி, முழுசாக எத்தனை நாள் சாப்பிட வேண்டும் என்று கொட்டை எழுத்தில் அடிக்கோடு போட்டுக் கொடுத்தார். அக்கா ஒரு வேளை தவறாமல் கொடுத்தார். இரண்டு வாரத்தில் பெண் ஸ்கூலுக்குப் போனாள்.